நிழலிடாத வட்டம்

செப்டம்பர் 26, வெள்ளி

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு டைரி எழுதும் வழக்கம் கிடையாது. டைரி எழுதுகிறவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயமும் கிடையாது. வீட்டில் கிடந்த விலங்கியல் ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்திருக்கிறேன். வலப்பக்கம் கோடு போட்டது, எழுத. இடப்பக்கம் வெள்ளை, படம் வரைய.

முதலில் விஷயம். என் மகள் ரஞ்சனிக்குப் பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் புள்ளியியல் இரண்டாம் வருஷம். விடுமுறைக்கு வந்தவளைத் திருநெல்வேலி ஜங்ஷனில் பார்த்தபோது, பையைத் தூக்க அத்தான் ஓடினார். நான் பிள்ளையைத்தான் தூக்க வேண்டுமோ என்று நினைத்தேன். அவ்வளவு மெலிந்திருந்தாள். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர் நெல்லைநாயகம், என் சொந்த அத்தை மகன். நான் உலகநாயகி, அவருக்கு உலகு. மின்வாரியத்தில் வேலை.

பாளையங்கோட்டையில் மனநல டாக்டர் ஒருவரைச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அவருக்குக் கோட்டி டாக்டர் என்று பெயர். நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு கல்யாணம் பேச வேண்டாமா? அதனால் ஸ்கூட்டரை எதிரே இருந்த பல் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, தாடையைப் பிடித்தபடியே ரஞ்சனியோடு ரோட்டைக் கடந்தேன். உள்ளே போனால் டாக்டர் எழுந்து நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்கிறாள். கிரேஸ்லின்! பிளஸ் டூ பி பிரிவு, கடைசிக்கு முந்தின பெஞ்சு.

"இது பசி இல்லாத வியாதி இல்ல டீச்சர். பசிக்கும். சாப்பிட பயம்" என்றாள்.

நாடி மெதுவாக ஓடுகிறதாம். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், இதயம் தாங்காது என்றாள். மூன்று வேளையும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். யார் என்ன சாப்பிட்டோம் என்று மூன்று பேருக்கும் பத்தி பிரித்து எழுத வேண்டும்.

"அப்புறம் டீச்சர், குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி உண்டா? சாப்பாடு மட்டும் இல்ல. மனச்சோர்வு, பயம், ஒரே காரியத்தத் திரும்பத் திரும்பச் செய்யது. மூணு தலைமுறைக்கு வம்சப்படம் வரைஞ்சிட்டு வாங்க. நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்திய."

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்கு உள்ளே நிழல். இருபத்தேழு வருஷம் நடத்திய பாடம். இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரே வாரத்தில் நிரூபித்துவிடுவேன். யார் பக்கம் என்று இப்போதே தெரியும், இருந்தாலும் ஆதாரம் வேண்டும் அல்லவா?

ரஞ்சனி: இட்லி அரை. அத்தான்: இட்லி ஆறு. நான்: வெள்ளிக்கிழமை விரதம்.

செப்டம்பர் 27, சனி

ரஞ்சனி ஒரு தோசையைக் கோலப்பொடி அளவுக்குப் பிய்த்து, ஐம்பது நிமிஷம் தின்றாள். அத்தான் அதற்குள் நாலு தோசை முடித்து, பேப்பரும் படித்து, ஐந்தாவது கேட்டார்.

"ஏளா உலகு, மூணு பேரும் ஒண்ணா உக்காரணும்னுல்லா சொன்னாவ?"

"அப்ப தோசைய யாரு சுடுவா?"

"சுட்டு வச்சிட்டு உக்காரு."

"இன்னைக்குப் புரட்டாசிச் சனி."

"நாம சைவம். பெருமாளுக்கும் நமக்கும் என்ன சோலி?"

சாமியில் பேதம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நான்: கருப்பட்டிக் காப்பி, கருப்பட்டி போடாமல்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று விரதம் எதுவும் இல்லை. காலாண்டுத் தாள் திருத்த வேண்டியிருந்ததால் சாப்பிட நேரமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

சோமவாரம். நேற்று நான் திருத்திய தாள்கள் போன வாரமே திருத்தி முடித்தவை என்று ரஞ்சனி கண்டுபிடித்துச் சொல்கிறாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பது தப்பா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

செண்பகம் மைனி வந்தார். அத்தானின் அக்கா, பேட்டையில் வீடு. வந்து செருப்பைக் கழற்றியதும் சிலிண்டரை மூடினோமா என்று சந்தேகம் வந்து, அதே ஆட்டோவில் பேட்டைக்குத் திரும்பிப் போனார். மூடித்தான் இருந்ததாம். மறுபடி வந்தார். நான் பென்சிலும் கையுமாகக் காத்திருந்தேன்.

"அத்தை சாப்பாட்டுல எப்படி மைனி?"

"எங்கம்மைக்கு என்ன? வருஷத்துல பாதி நாள் பச்சத்தண்ணி பல்லுல படாது. தெய்வப் பிறவிலா!"

அத்தையின் வட்டத்துக்குள் நிழல் போட்டேன்.

"உங்க அம்மையப் பெத்த தாத்தா?"

"தாத்தா சுத்தம் பாப்பாவ. ஒரு நாளைக்கு நாப்பது தடவ கை கழுவுவாவ. தோலு உரிஞ்சாலும் விட மாட்டாவ. அப்படி ஒரு ஒழுக்கம்."

சதுரத்துக்குள் நிழல்.

"உங்க சின்ன மாமா?"

"அவுக ரெண்டு வருஷம் ரூமவிட்டு வெளிய வரல. மௌன விரதம்."

இன்னொரு நிழல். பென்சில் முனை மழுங்கிவிட்டது. அத்தான் குடும்பத்தில் நோயாளி என்று ஒருத்தர் கிடையாது, எல்லாரும் மகான்கள்.

மைனிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏட்டி, எங்க ஆளுகளுக்கு என்னத்துக்குக் கறுப்படிக்க? உங்க பக்கம் யாருக்கும் ஒண்ணும் கெடையாதாக்கும்?"

எங்கள் பக்கத்துத் தாளை எடுத்துக் காட்டினேன். பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டு நிழல் கிடையாது.

மைனி காப்பி குடிக்காமல் கோபித்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷம் கழித்து, எங்கள் கேட்டைச் சாத்தினோமா என்று பார்க்கத் திரும்பி வந்தார். கொண்டியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மைனிக்கும் ஒரு நிழல் போட்டேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. நோட்டு பூஜையில் இருக்கிறது. எழுதக் கூடாது. இதை மட்டும் எழுதிவிட்டு வைத்துவிடுகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

அத்தான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மின்கம்பத்தில் பழுது தேடுகிற பார்வை.

"ஏளா, இங்க எங்க சின்ன மாமான்னு கறுப்படிச்சிருக்கியே, அன்னா அந்தத் தாள்ல உங்க சித்தப்பான்னு வெள்ளையா விட்டிருக்கியே. ரெண்டும் ஒரே ஆளுல்லா?"

பார்த்தேன். ஒரே ஆள்தான்.

"எங்க தாத்தான்னு இங்க கறுப்பு. உங்க தாத்தான்னு அங்க வெள்ளை. தாத்தாவும் ஒரே தாத்தாதான். எங்கம்மை உங்கப்பாவுக்குக் கூடப் பிறந்த அக்காலா?"

"அது வேற சந்தர்ப்பம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அம்மா, ஒரே ஆள ரெண்டு எடத்துல எண்ணுனா எங்க காலேஜ்ல முட்டை போடுவாங்க" என்று சொல்லி ரஞ்சனி சிரித்தாள். வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, சிரித்தாளே. அவளே இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி செல்லோ டேப் போட்டு ஒட்டினாள். என் பளிச்சென்ற குடும்பம் இப்போது அடைமழைக்கு முந்தின வானம்போல இருக்கிறது.

ரஞ்சனி: சுண்டல் ஒரு கரண்டி. அத்தான்: மீதிச் சுண்டல். நான்: மதியம் சோறு சிறிது. அடுப்படியில் நின்றபடி.

அக்டோபர் 3, வெள்ளி

டாக்டரிடம் போனோம். ரஞ்சனிக்கு எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

கிரேஸ்லின் படத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து, அத்தான் சதுரத்துக்கும் என் வட்டத்துக்கும் நடுவில் நான் போட்டிருந்த ஒற்றைக் கோட்டை இரட்டைக் கோடாக்கினாள்.

"சொந்தத்துல கல்யாணம்னா ரெட்டக் கோடு போடணும் டீச்சர். ரிவிஷன் டெஸ்டுல இதுக்குத்தான் எனக்கு அரை மார்க் குறைச்சிய. வெளியவும் நிக்க வச்சிய."

இருபது வருஷம்! இந்தப் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடும், குறைத்த மார்க்கை மறக்காது.

"சரி, இது யாரு பக்கத்துல இருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"இது பட்டாணிச் செடி நெட்டை, குட்டை கணக்கு மாதிரி இல்ல டீச்சர். ஒரு ஜீன் கெடையாது. ஏகப்பட்டது இருக்கு, ஒவ்வொண்ணும் துளித்துளியாத் தள்ளும். ஒருத்தரக் கை கழுவச் சொல்லும், ஒருத்தரக் கதவச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லும், ஒருத்தருக்குச் சோத்தக் கண்டா பயம். தள்ளுனா எல்லாரும் விழுவாங்கன்னும் இல்ல. வீடு, படிப்பு, வயசு, ஊரு, எல்லாம் சேந்துதான் விழத் தட்டும்."

"அப்ப யாரு மேல குத்தம்?"

"யாரு மேலயும் இல்ல. அதுக்குத்தான் இந்தப் படமே."

குற்றவாளி இல்லாத வழக்குக்கு நான் ஒரு வாரம் சாட்சி தேடியிருக்கிறேன். பிறகு அவள் படத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வட்டம் யாரு டீச்சர்?"

"நான்தான்."

"ஒண்ணும் போடலியே?"

"எனக்கு என்ன? எனக்கு ஒண்ணும் கெடையாது."

கிரேஸ்லின் நோட்டின் வலப்பக்கங்களைத் திருப்பி, என் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தாள். தப்பு எங்கே என்று தெரிந்தும், பிள்ளை தானே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நிற்பது. வகுப்பில் நான் செய்கிற வேலை அது. என்னிடமே காட்டுகிறாள் மூதி!

வீட்டுக்கு வந்து என் வட்டத்தில் பாதிக்கு மட்டும் நிழல் போட்டேன். பாதி நிழல் என்றால் நோய் கிடையாது, அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகிற கடத்தி மட்டும்தான். பாடப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

சனிப் பிரதோஷம்.

அக்டோபர் 8, புதன்

பள்ளி திறந்து மூன்றாவது நாள். ரஞ்சனிக்குக் காலேஜில் மருத்துவ விடுப்பு சொல்லியாகிவிட்டது. ஆசிரியர் அறையில் என் டிபன் பாக்ஸைத் தமிழ் டீச்சர் வழக்கம்போலப் பாராட்டிச் சாப்பிட்டார். கூட்டாஞ்சோறு பிரமாதமாம்.

அக்டோபர் 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை, கிருத்திகை, சங்கடஹர சதுர்த்தி மூன்றும் ஒரே நாளில் வந்திருக்கிறது. இப்படி அமைவது அபூர்வம். காலையிலேயே மனசு லேசாக இருந்தது.

ரஞ்சனி நாள்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இந்த மாசம் முப்பத்தோரு நாள்ல விரதம் இல்லாத நாள் எத்தனன்னு தெரியுமா? பதினொண்ணு. அதுல ஞாயித்துக்கெழம நீ தாள் திருத்துவ."

"உனக்கு வேற வேலை இல்லையாட்டி?"

"கந்த சஷ்டி எப்ப ஆரம்பிச்ச?"

"கல்யாணமாகி ரெண்டு வருஷமாப் பிள்ளை இல்லாதப்ப."

"வெள்ளிக்கெழம?"

"அத்தை தவறுன வருஷம். அத்தை இருந்த விரதம், விடக்கூடாதுன்னு."

"செவ்வா?"

"சங்கரன்கோவிலுக்கு டிரான்ஸ்பர் போட்டப்ப."

"சனி, எச்.எம். உனக்கு மெமோ குடுத்தப்ப. அப்பா சொன்னாவ. திங்கக்கெழம, நான் ஹாஸ்டலுக்குப் போனப்ப. சரியா?"

ஒரு தாளை நீட்டினாள். வருஷத்தைக் கீழே போட்டு, விரத நாட்களைப் பக்கவாட்டில் போட்டு ஒரு கோடு. கோடு மேலேதான் போகிறது. ஓரிடத்திலும் இறங்கவில்லை.

"உனக்கு மனசு சரியில்லாத வருஷமெல்லாம் ஒரு கெழம கூடுதும்மா."

எனக்கு வந்ததே கோபம்! சாமி காரியத்துக்குக் கிராஃப் போடுகிற குடும்பம் உருப்படுமா என்று சத்தம் போட்டேன். அவள் பயப்படவில்லை.

"நீ எங்கூட உக்காந்து சாப்பிடு. நானும் சாப்பிடுதேன்."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். நாளைக்குப் புரட்டாசிக் கடைசிச் சனி என்பது அவளுக்கும் தெரியும். நாள்காட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

எடை பார்க்கும் மெஷினை அத்தான் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரஞ்சனி அடிக்கடி ஏறிப் பார்க்கிறாள், வீட்டில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாளாம். நல்ல யோசனை. அவளுக்கு.

எனக்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் ஒரு தடவை ஏறி இறங்குவேன், குளித்தபின் ஒரு தடவை, பள்ளிவிட்டு வந்ததும் ஒரு தடவை. நாள்காட்டியில் தேதி கிழிப்பதுபோல ஒரு பழக்கம். இல்லாவிட்டால் என்ன, செத்தா போவேன்?

மதியம் விளையாட்டு டீச்சர் அறையில் இருந்த மெஷினில் முள் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தேன். சரியாக இருந்தது. மாலையிலும் சோதித்தேன்.

"ரிப்பேரா டீச்சர்?" என்று கேட்டாள்.

"பொதுச் சொத்து. பாத்துக்கிட வேண்டாமா?" என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முந்திரிக்கொத்து செய்தேன். ரஞ்சனி ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டு, தின்றதற்காக அழுதாள். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை புதுச் சட்டையில் உட்கார்ந்து ஒரு துண்டுப் பலகாரத்துக்கு அழுவதைப் பார்க்க முடியவில்லை.

அழுது முடித்தவள் கேட்டாள். "அம்மா, இது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"இருபத்தாறு வருஷமாச் செய்யுதேன், தெரியாதா?"

"செய்யுத, சரி. எப்படி இருக்கும்?"

அத்தான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாகு பதத்தைக் கையால் பார்ப்பேன், ஏலக்காயை மூக்கால் பார்ப்பேன். நாக்கு எதற்கு? அடுப்பை அணைக்க எழுந்து போனேன். அடுப்பு எரியவே இல்லை.

அக்டோபர் 22, புதன்

கந்த சஷ்டி ஆரம்பம். எனக்கு இருபத்துநாலாவது வருஷம். ஆறு நாள், பால் மட்டும். இந்தத் தடவை ரஞ்சனிக்காக இருக்கிறேன். முருகா, என் பிள்ளை நாலு வாய் சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பினால், ரஞ்சனி தலைக்குக் குளித்து, பச்சைத் தாவணி கட்டி, நெற்றியில் திருநீற்றோடு நிற்கிறாள்.

"நானும் சஷ்டி இருக்கப் போறேம்மா."

கையில் இருந்த கற்பூரத் தட்டை அப்படியே கீழே வைத்தேன்.

"நீ இருக்கக் கூடாது. உனக்கு உடம்பு சரியில்ல."

"நீ செஞ்சா பக்தி, நான் செஞ்சா வியாதியா?"

இருபத்தேழு வருஷத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நின்றது இன்றைக்குத்தான்.

அக்டோபர் 23, வியாழன்

மைனி கோபத்தை மறந்து தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார். ரஞ்சனியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"பிள்ளைக்குப் பக்தி வந்துட்டு! இனிமே எல்லாம் சரியாயிரும். முகத்துல என்ன ஒரு களை, பாத்தியா? எங்கம்மையேதான்!"

களை இல்லை அது. கண் உள்ளே போய் எலும்பு மினுங்குகிறது. சாப்பிடாமல் இருக்கும்போது இரண்டாவது நாள் ஒரு தெம்பு வரும், நாம்தான் ஜெயித்தோம் என்று தோன்றும், யாரைப் பார்த்தாலும் இளப்பமாக இருக்கும். அந்தத் தெம்பு அவள் கண்ணில் தெரிந்தது. வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.

கெஞ்சினேன், மிரட்டினேன். "முருகன் உனக்கு மட்டுமா சாமி?" என்கிறாள். டாக்டருக்குப் போன் செய்து அத்தான் சொல்லிவிட்டார். நாளைக் காலையிலேயே கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் கிளம்பும்போது குழாயடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. வாளி மட்டும் விழவில்லை.

அத்தான் அவளை அள்ளித் தூக்கிய விதம் இருக்கிறதே, ஒரு மூட்டைத் துணியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். அவ்வளவு லேசு. ஆட்டோவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. முருகா என்று கூப்பிட வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிட?

கிரேஸ்லின் ரத்தம் எடுத்தாள், இதயத்துக்குப் படம் எடுத்தாள், ஒரு பாட்டில் ஏற்றினாள். எடை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "இன்னைக்கே சேத்துக்கிடலாம். இல்லன்னா இருபத்தெட்டு வரைக்கும் வீட்டுல, தினம் காலையில இங்க வந்து காட்டணும், சொன்ன அளவு சாப்பிடணும். எறங்குனா அன்னைக்கே சேக்கணும். வீட்டுல முடியுமா டீச்சர்?" என்று கேட்டாள். ரஞ்சனியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

முடியும் என்றேன்.

மதியம் வீட்டுக்கு வந்து, இடப்பக்க வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதை அப்படியே இங்கே நகலெடுக்கிறேன்.

அனுப்புநர்: ச. உலகநாயகி, எம்.எஸ்சி., பி.எட்., முதுகலை விலங்கியல் ஆசிரியை.

பெறுநர்: அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அவர்கள், திருச்செந்தூர்.

பொருள்: விரத விடுப்பு வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம். கடந்த இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் தங்கள் சஷ்டியை அனுஷ்டித்து வந்துள்ளேன். தற்போது வீட்டில் சாப்பிட வேண்டிய அவசர வேலை ஏற்பட்டுள்ளதால், இன்று முதல் எஞ்சிய நாட்களுக்கு விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேலும், இதுவரை இருந்த விரதங்களில் தங்களுக்காக இருந்தவை எத்தனை, சோற்றுக்குப் பயந்து தங்கள் பெயரைச் சொல்லி இருந்தவை எத்தனை என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை. தங்கள் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது தாங்கள் இல்லை. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உளுந்தஞ்சோறு வடித்து, எள்ளுத் துவையல் அரைத்து, அவியல் வைத்தேன். மூன்று தட்டு எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"இரும்" என்றேன். உட்கார்ந்தார்.

முதல் கவளத்தை உருட்டினேன், தட்டிலேயே வைத்து மறுபடி உருட்டினேன். அரிசியும் பருப்பும் தேங்காயும் பூண்டும்தான். தேள் இல்லை, பாம்பு இல்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ரஞ்சனி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"ஆமாட்டி."

"எனக்கும்."

நான் வாயில் வைத்தேன். எள்ளுத் துவையலில் உப்புக் குறைவு. இத்தனை வருஷமாக உப்புக் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், ஒரு பாவியும் சொல்லவில்லை. அதைச் சொன்னேன். "சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான்" என்று அத்தான் சொல்லிவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார். வெகுநேரம் கழுவினார்.

நான் ஒரு கவளம், அவள் ஒரு கவளம். டாக்டர் சொன்ன அளவு முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை அவள் அழுதாள். ஒரு தடவை நான்.

அக்டோபர் 26, ஞாயிறு

திருத்துவதற்குத் தாள் எதுவும் இல்லை. ரஞ்சனி பையைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். டி.வி.யில் பார்த்தோம். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு சூரசம்ஹாரம் பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை. எந்த நேரமும் டி.வி.யிலிருந்து வேல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஸ்கூட்டரை டாக்டர் வாசலிலேயே நிறுத்தினேன். பல் ஆஸ்பத்திரிக் காவலாளி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "பல்லு சரியாப் போச்சாம்மா?" என்று சத்தமாக விசாரித்தார்.

ரஞ்சனிக்கு ஒரு சின்னத் தேங்காய் எடை ஏறியிருக்கிறது. சேர்க்க வேண்டாம். இது இன்றோடு தீருகிற காரியம் இல்லை, மாசக்கணக்கில் ஆகும், ஏறும், இறங்கும், கூடவே இருக்க வேண்டும் என்று கிரேஸ்லின் சொன்னாள். எனக்கு அந்தத் தேங்காயே போதும். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

கிளம்பும்போது ரஞ்சனி வம்சப்படத்தை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"அம்மா, அந்தப் பாதி."

"அது கடத்திட்டி. புத்தகத்துல..."

"அம்மா."

பென்சில் கேட்டேன். கிரேஸ்லின் பேனாவை நீட்டினாள். படத்தைப் பென்சிலால்தான் வரைய வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பையில் தேடி என் பென்சிலையே எடுத்தேன். வட்டத்தின் மீதிப் பாதியை மெதுவாக நிரப்பினேன். அத்தை வட்டத்துக்கும் ரஞ்சனி வட்டத்துக்கும் நடுவில் என் வட்டம் இத்தனை நாள் துருத்திக்கொண்டு நின்றது, இப்போது வரிசையில் சேர்ந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, முதுகில் இருந்த மூட்டையை இறக்கியதுபோல இருந்தது.

கிரேஸ்லின் ஒரு புது ஃபைலை எடுத்து என் பெயரை எழுதினாள். இனிஷியலைத் தப்பில்லாமல் போட்டாள். பிறகு, "அந்த அரை மார்க் டீச்சர்?" என்றாள். இந்த நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் அரை போட்டு, சுற்றி வட்டமிட்டுக் காட்டினேன். இருபது வருஷக் கடன் தீர்ந்ததுபோலச் சிரித்தாள்.

வெளியே வந்ததும் மைனி போனில் கூப்பிட்டார். சிலிண்டர் விஷயமாகத் தானும் ஒரு நாள் அந்த டாக்டரைப் பார்க்கலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். தாராளமாக என்றேன், முதல் நாள் ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். "பல் ஆஸ்பத்திரி எங்கன இருக்கு?" என்று அடுத்ததாகக் கேட்டார்.

இன்று முருகனுக்குத் திருக்கல்யாணம். மாப்பிள்ளையே விருந்து சாப்பிடுகிற நாளில் நமக்கென்ன என்று அத்தான் ஓட்டலுக்குள் கூட்டிப்போய்விட்டார். பாதியில் என் கை நின்றது. ரஞ்சனியின் கையும் நின்றது. என்னையே பார்த்தாள். நான் மறுபடி ஒரு துண்டைப் பிய்த்துச் சட்னியில் தொட்டேன்.

ரஞ்சனி: ரவா தோசை முக்கால். அத்தான்: எழுத இடம் போதாது. நான்: ரவா தோசை ஒன்று, முழுதாக.

கடைசி வரியை ரஞ்சனி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.